பெரிய குடியிருப்புத் திட்டங்களும் மக்களின் ஆட்சேபணை உரிமையும்

ஊர் எல்லையில் ஆயிரக்கணக்கான வீடுகளுடன் ஒரு குடியிருப்பு வரப்போகிறது என்ற செய்தி பரவியதும், மாவட்ட ஆட்சியர் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவார், அங்கே நம் குறைகளைச் சொல்லிக்கொள்ளலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான குடியிருப்புத் திட்டங்களுக்கு அப்படி ஒரு கூட்டம் நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மக்கள் பேசுவதற்கான இடம் அறவே இல்லை என்பதல்ல. அது பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு இருக்கிறது, பெரும்பாலான கெடுக்கள் கட்டுமானம் தொடங்குவதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகின்றன.

சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடப்பது, 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படிதான். 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் கட்டடப் பரப்புள்ள திட்டங்களும், 50 ஹெக்டேர் நிலத்தையோ 1,50,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பையோ எட்டும் நகரியங்களும் (டவுன்ஷிப்) அதே அறிவிக்கையின்கீழ் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். எனினும், மக்கள் கருத்துக்கேட்பு என்ற கட்டத்திலிருந்து இந்தக் கட்டடத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் அறிவிக்கையே விலக்கு அளித்துவிடுகிறது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையைவிட அதிகமானோர் குடியேறப்போகும் திட்டத்துக்கு இந்த விலக்கு எந்த வகையிலும் பொருத்தமானதல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் இன்றைய நிலை அதுதான் என்பதை அறிந்து, மற்ற வழிகளை உரிய நேரத்தில் பயன்படுத்துவதே அறிவுடைமை.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, திட்டத்துக்கான நிலம் எப்படி வருகிறது என்பதே. அரசு நிலத்தைக் கையகப்படுத்துகிறது என்றால், 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் மக்களுக்கு மிக விரிவான உரிமைகளைத் தருகிறது. அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, ஊராட்சி அல்லது நகராட்சியைக் கலந்து, சமூகத் தாக்க மதிப்பீடு ஒன்றை நடத்த வேண்டும். கேட்கப்படும் நிலம் அந்தத் திட்டத்துக்குத் தேவையான மிகக் குறைந்த அளவுதானா, மாற்று இடம் பரிசீலிக்கப்பட்டதா என்பவற்றுக்கு அந்த மதிப்பீடு பதில் சொல்லியாக வேண்டும். குடிநீர் ஆதாரம், வடிகால், மேய்ச்சல் நிலம், நியாயவிலைக் கடை, பள்ளி, அங்கன்வாடி, வழிபாட்டு இடம், சுடுகாடு, இடுகாடு வரை எதற்கு என்ன பாதிப்பு என்று பார்க்கவும் சட்டம் பணிக்கிறது. 5-ஆம் பிரிவின்படி பாதிக்கப்படும் பகுதியிலேயே, நாள், நேரம், இடம் ஆகியவற்றை முன்கூட்டி அறிவித்து, கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தி, அங்கே சொல்லப்பட்டவற்றை அறிக்கையில் சேர்க்க வேண்டும். அறிக்கை உள்ளூர் மொழியில் வெளியாக வேண்டும் என்பதால், அதைத் தமிழில் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

நிலம் சொந்தமாக இல்லாதவர்களும் இந்தக் கூட்டத்தில் பேசலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நிலம் எடுக்கப்படுவதற்கு முன் மூன்று ஆண்டுகள் அப்பகுதியில் உழைத்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட விவசாயக் கூலித் தொழிலாளர், குத்தகைதாரர், விளைச்சலில் பங்குக்குப் பயிரிடுவோர், கைவினைஞர் ஆகியோரின் குடும்பங்களும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே. தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுத்தால் 80 விழுக்காட்டினரும், அரசும் தனியாரும் இணைந்த திட்டமென்றால் 70 விழுக்காட்டினரும் முன்னதாக இசைவு தர வேண்டும். ஆனால் இந்த இசைவு நில உரிமையுள்ள குடும்பங்களிடம் மட்டுமே பெறப்படுவதால், கூலித் தொழிலாளர்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் இன்னும் முக்கியமாகிறது. பின்னர் 11-ஆம் பிரிவின்கீழ் முதல்நிலை அறிவிக்கை வெளியானால், நிலத்தில் உரிமையோ நலனோ உள்ளவர்கள் 60 நாட்களுக்குள் ஆட்சியருக்கு எழுத்துமூலம் ஆட்சேபணை தரலாம். ஆட்சேபித்தவரை ஆட்சியர் நேரில் விசாரிக்க வேண்டும். வழக்கறிஞர் மூலமாகவும் வாதங்களை முன்வைக்கலாம்.

தமிழ்நாட்டில் ஓர் எச்சரிக்கை தேவை. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978-ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம், 2001-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டம் ஆகியவற்றின்கீழ் எடுக்கப்படும் நிலத்துக்குச் சமூகத் தாக்க மதிப்பீடு பொருந்தாது. எனவே அறிவிப்பு கைக்கு வந்ததும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அதில் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

தனியார் கட்டுமான நிறுவனம் உரிமையாளர்களிடம் நேரடியாக நிலத்தை வாங்கினால் மேற்சொன்ன கூட்டம் எதுவும் கிடையாது. அங்கே கவனிக்க வேண்டியது, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) ஒன்றைத் தயாரிக்கும்போது அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவித்து, ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. 2026 வரையிலான வளர்ச்சியைக் கருதி அது வகுக்கப்பட்டது. விவசாயப் பகுதி என்று அதில் குறிக்கப்பட்ட நிலம் குடியிருப்புப் பகுதியாக வேண்டுமானால் நில உபயோக மாற்றம் தேவை. அதற்கும் நாளிதழில் அறிவிப்பு வரும். புல எண்களும் பரப்பளவும் மட்டுமே கொண்ட அந்தச் சிறிய விளம்பரத்தை யாரும் கவனிக்காமல் விட்டால், பின்னால் வரும் அனுமதிகளைத் தடுப்பது மிகக் கடினம்.

ஆட்சேபணை மனுவில் "திட்டம் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால், அதைப் பரிசீலிக்கும் அலுவலருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. இந்தப் புல எண்ணில் வாய்க்கால் ஓடுகிறது என்று கிராம நில ஆவணமான 'அ' பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் உள்ளது, அதன் அகலம் இவ்வளவு, மனைப்பிரிவு வரைபடத்தில் அது காட்டப்படவில்லை, கனமழையில் தண்ணீர் இந்தத் தெருவில் இந்த உயரம்வரை நின்றது என்று புகைப்படத்துடன் எழுதினால், அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சாலையின் தற்போதைய அகலம், குடிநீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் ஆகியவையும் வலுவான காரணங்களே. மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுவதும் பயன் தரும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அந்தத் தீர்மானம் மட்டுமே திட்டத்தை நிறுத்திவிடும் என்று நம்பிவிடக் கூடாது. ஆனால் பின்னர் தீர்ப்பாயத்திலோ நீதிமன்றத்திலோ, ஊர் முன்கூட்டியே எதிர்ப்பைப் பதிவுசெய்தது என்பதற்கு அது அரசு ஆவணமாக நிற்கும்.

கருத்துக்கேட்பு இல்லாவிட்டாலும், சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பமும் ஆவணங்களும் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் கிடைக்கும். மாநில மதிப்பீட்டுக் குழு அதைப் பரிசீலிக்கும் முன்பே எழுத்துமூலம் தகவல்களை அனுப்புவதற்குத் தடை இல்லை. கிடைக்காத ஆவணத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அனுமதி வழங்கப்பட்டுவிட்டால், பாதிக்கப்பட்ட எவரும் 30 நாட்களுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தென் மாநிலங்களுக்கான அமர்வு சென்னையில் உள்ளது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். அதற்கு அப்பால் ஏற்க அதற்கு அதிகாரமில்லை.