டயாலிசிஸ் என்னும் சொல்

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், என் தாய்மாமா பினாங்கில் உள்ள ஒரு சிறுநீரக நிலையத்தில் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுப் படுத்திருக்கிறார். அவரை அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வருவது என் பொறுப்பு. பள்ளி விடுமுறையில், படிவம் 5இல் படிக்கும் என் அக்காள் மகளும் உடன் வருவாள். அந்த அறையில் ஒரே சிகிச்சைக்குப் பல பெயர்கள் காதில் விழும். சுவரில் மலாயில் 'ஹெமோடயாலிசிஸ்' என்று எழுதியிருக்கிறது; ஆனால் மலாய்க்காரத் தாதி பேச்சில் 'சூச்சி டாரா' என்கிறார், அதாவது இரத்தம் கழுவுதல். சீன நோயாளிகள் சொல்லும் தொடருக்குச் சிறுநீரகத்தைக் கழுவுதல் என்று பொருள். மாமாவும் "ரத்தம் கழுவப் போறேன்" என்றுதான் சொல்வார். "டயாலிசிஸ்னா கழுவுறதுன்னுதானே சித்தி அர்த்தம்?" என்று அவள் கேட்டபோது, இல்லை என்று சொல்லிவிட்டு, அதற்கான காரணத்தை முறையாகச் சொல்ல எனக்குச் சில நாள்கள் பிடித்தன. அந்த விளக்கத்தையே இங்கே எழுதுகிறேன்.

இச்சொல் இரண்டு கிரேக்க உறுப்புகளால் ஆனது. முன்னிற்கும் 'தியா' என்பதற்கு ஊடே, குறுக்கே, பிரிந்து விலகி என்னும் பொருள்கள் உண்டு; ஆங்கிலம் அதை 'டயா' என்று ஒலிக்கிறது. பின்னிற்கும் 'லுசிஸ்' என்பதற்கு அவிழ்த்தல், தளர்த்தல், விடுவித்தல் என்று பொருள். இரண்டும் சேர்ந்த 'தியாலுசிஸ்' பண்டைய கிரேக்கரிடம் இன்றைய மருத்துவப் பொருளில் வழங்கவில்லை. கூடிய கூட்டம் கலைவதற்கும், பகை முடிவுக்கு வருவதற்கும், பட்ட கடனை அடைப்பதற்கும் அவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். நம் 'தீர்' என்னும் வினையை இதனோடு வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கடன் தீர்கிறது, பகை தீர்கிறது, நோய் தீர்கிறது, சிக்கலுக்குத் தீர்வு கிடைக்கிறது. இரு மொழிகளுக்கும் இதில் உறவு ஏதுமில்லை. முடிச்சு அவிழ்வதைப் பார்த்த மனித மனம் இரண்டு இடங்களில் ஒரே வழியில் நடந்திருக்கிறது.

'டயா' என்னும் முன்னொட்டை அறிந்துகொண்ட மாணவருக்கு ஆங்கிலச் சொற்கள் பல தாமாகவே பிடிபடும். வட்டத்தின் ஊடே அளப்பது டயாமீட்டர். ஊடே ஒழுகி ஓடுவது டயரியா, நாம் வயிற்றுப்போக்கு என்பது. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்து அறிவது டயக்னோசிஸ், அதாவது நோயறிதல். 'டயலாக்' என்பதை இருவர் பேச்சு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டைக் குறிக்கும் கிரேக்க முன்னொட்டு 'டை' என்பது, அது வேறு. டயலாக் என்பது சொல் வழியே, சொல்லின் ஊடே நடப்பது; எத்தனை பேர் பேசினாலும் அது டயலாக்தான். எல்லா 'டய'வும் இந்த 'டயா' ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். டயமண்ட் என்னும் சொல், அடக்க முடியாதது என்று பொருள்படும் 'அதமாஸ்' என்ற கிரேக்கச் சொல் உருத்திரிந்து வந்தது. வேர்ச்சொல் கல்வியில் ஏற்படும் பிழைகளில் பெரும்பாலானவை, கேட்ட ஒலியை உடனே நம்பிவிடுவதால் வருபவை.

இந்தக் குடும்பத்தில் மலேசியத் தமிழர் வீடுகளுக்கு மிக நெருக்கமான சொல் டயபடீஸ். மாமாவின் சிறுநீரகம் பழுதானதற்கும் அதுவே காரணம் என்பதால் இதில் சற்று நின்று பேச விரும்புகிறேன். ஊடே கடந்து செல்வது என்பது அதன் வேர்ப்பொருள். குடித்த நீர் உடலில் தங்காமல் குழாய் வழியே போவது போல வெளியேறிவிடுகிறது என்பதை, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் கப்படோசியா நாட்டு மருத்துவர் அரெட்டையஸ் இப்பெயரால் விளக்கி எழுதினார். தமிழின் 'நீரிழிவு' இதே காட்சியைத்தான் காட்டுகிறது. இழிதல் என்றால் கீழிறங்குதல். மலையிலிருந்து அருவி இழியும். நீர் இழிந்துகொண்டே இருப்பதால் நீரிழிவு. இன்று பலர் அந்தச் சொல்லில் இழிவு என்னும் அவமதிப்பைக் கேட்டுக் கூசுகிறார்கள். அப்படிக் கூச வேண்டியதில்லை. ஆங்கிலப் பெயரில் பின்னால் வரும் 'மெலிட்டஸ்' என்பது தேனின் சுவையைச் சுட்டும் இலத்தீன் சொல். வடமொழி வழியே வந்த மதுமேகம் என்னும் பெயரிலும் தேன் இருக்கிறது. நம் ஊரில் வழங்கும் 'இனிப்பு நீர்' என்னும் சொல் மலாயின் 'கெஞ்சிங் மானிஸ்' என்பதோடு பொருளில் முழுமையாகப் பொருந்துகிறது. ஆகவே நீரிழிவு என்பவர் நோயின் ஓட்டத்தையும், இனிப்பு நீர் என்பவர் அதன் சுவையையும் சொல்கிறார்கள். இரண்டும் நல்ல சொற்கள், எதையும் விலக்க வேண்டியதில்லை.

இனி 'லிசிஸ்'. அனாலிசிஸ், எலக்ட்ரோலிசிஸ், ஹைட்ரோலிசிஸ், பாராலிசிஸ் என எங்கும் அவிழ்ப்பதும் தளர்வதும் இருக்கிறது. பாராலிசிஸ் என்பதில் 'பாரா' பக்கத்தைக் குறிப்பது; பக்கம் தளர்ந்து போதல் என்று அதை விரிக்கலாம். நம் பக்கவாதத்திலும் பக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பால்சி' என்று வேறு சொல் போலத் தோன்றுவது, இதே பாராலிசிஸ் பிரெஞ்சு மொழி வழியே தேய்ந்து வந்த வடிவம். மலாய் மொழி இந்தச் சொற்களை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டு 'எலெக்ட்ரோலிசிஸ்', 'ஹிட்ரோலிசிஸ்' என்று எழுதுகிறது. ஆறாம் ஆண்டுக்குப் பிறகு அறிவியலைத் தமிழில் படிக்க வாய்ப்பில்லாத நம் பிள்ளைகளுக்கு, கிரேக்க வேர் ஒன்றைக் கற்பது மலாய், ஆங்கிலம் ஆகிய இரண்டு பாடமொழிகளுக்கும் ஒருசேரப் பயன்படுகிறது.

ஆனால் தமிழ் அறிவியல் சொற்களைப் பார்க்கும்போது கிரேக்கத்தில் இல்லாத ஒரு நுட்பம் தெரியும். எலக்ட்ரோலிசிஸ் மின்னாற்பகுப்பு, ஹைட்ரோலிசிஸ் நீராற்பகுப்பு, அனாலிசிஸ் பகுப்பாய்வு. 'லிசிஸ்' வரும் இடத்தில் 'பகு' வந்திருக்கிறது. அப்படியானால் டயாலிசிஸும் ஏதோ ஒரு பகுப்பாகத்தானே இருக்க வேண்டும் என்று என் அக்காள் மகள் கேட்டாள். அது நியாயமான கேள்வி. விடையும் அதிலேயே இருக்கிறது. மின்னோட்டம் பாயும்போது நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைகிறது. இருந்த பொருளே பகுபடுகிறது. டயாலிசிஸில் எந்தப் பொருளும் உடைவதில்லை. கலந்து கிடந்தவை ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, அவ்வளவுதான். ஒன்றை உடைத்தால் பகுத்தல், கலந்தவற்றை விலக்கினால் பிரித்தல். கிரேக்கம் ஒரே வேரில் அடக்கிய இரண்டையும் தமிழ் தனித்தனியே வைத்திருப்பதால், டயாலிசிஸைப் 'பிரிப்பு' என்று சொல்வதே முறை.

இச்சொல்லை வேதியியலுக்குக் கொண்டுவந்தவர் கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் கிரஹாம். 1861ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உப்பும் சர்க்கரையும் போன்ற பொருள்கள் பதப்படுத்திய ஒருவகைத் தாளின் ஊடே எளிதில் கடந்து நீருக்குள் சென்றுவிடுவதையும், பிசினும் பசையும் போன்றவை கடவாமல் தங்கிவிடுவதையும் அவர் விளக்கினார். இவ்வாறு பிரிக்கும் முறைக்கே டயாலிசிஸ் என்று பெயரிட்டார். தங்கிவிடும் பொருள்களை, பசை என்று பொருள்படும் 'கொல்லா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கொலாய்டு' என்று அழைத்தார். அதற்குத் தமிழில் அமைந்த 'கூழ்மம்' என்னும் சொல், கூழ் குடித்து வளர்ந்த மக்களின் மொழியில் இயல்பாகப் பிறந்த சொல்லாக எனக்குத் தோன்றுகிறது. மனித உடலுக்கு இதைப் பயன்பட வைத்தவர் நெதர்லாந்தின் வில்லெம் கோல்ஃப். 1943இல், ஜெர்மானியப் படைகள் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், கம்பன் என்னும் சிற்றூரின் மருத்துவமனையில், தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செல்லோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, அதை உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டு, அதன் வழியே நோயாளியின் இரத்தத்தை ஓடவைத்தார். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் அந்தச் சிகிச்சையால் உயிர் பிழைத்தார்.

தமிழில் வழங்கும் பெயர்களை இந்தப் பின்னணியில் எடைபோடலாம். வேதியியல் பாடநூல் தரும் 'கூழ்மப் பிரிப்பு' கிரஹாமின் ஆய்வுக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் மருத்துவமனையில் அதைக் கேட்கும் குடும்பத்தார்க்கு ஒன்றும் விளங்காது. நாளிதழ்களில் வரும் 'இரத்தச் சுத்திகரிப்பு' எளிதில் விளங்குகிறது, ஆனால் அதில் எனக்கு மனநிறைவு இல்லை. அது பயனைச் சொல்லி முறையை மறைத்துவிடுகிறது. கழுவினால் அழுக்கு மட்டுமே போகும். இங்கோ யூரியாவும் பொட்டாசியமும் இரத்தத்திலிருந்து, இயந்திரத்தில் உள்ள மெல்லிய சவ்வைக் கடந்து வெளியே செல்லும் நேரத்திலேயே, இயந்திரத்தின் திரவத்திலிருந்து பைகார்பனேட் சவ்வைக் கடந்து இரத்தத்துக்குள் வருகிறது. மேலும், வயிற்றுக்குள் திரவத்தை நிரப்பி வீட்டிலேயே செய்யும் வகை ஒன்று உண்டு. பெரிடோனியம் என்னும் வயிற்றின் உட்சவ்வே அங்கே வடிகட்டியாகிறது. 'பெரி' என்றால் சுற்றி. மீதி, விரித்து இழுத்தல் என்னும் வேரிலிருந்து வந்தது. 'சுற்றுவிரி' என்றால் தமிழிலும் அப்படியே அமையும். அந்த நோயாளியின் இரத்தம் உடலைவிட்டு வெளியே வருவதே இல்லை. அவரிடம் இரத்தம் கழுவுதல் என்று சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும்.

இரத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ஹைமா'வையும் இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹீமோடயாலிசிஸில் முன்னால் நிற்பது அதுதான். இரத்தம் குறைந்த அனீமியாவிலும், வெண்மையான இரத்தம் என்று பொருள்படும் லுக்கீமியாவிலும் இறுதியில் இருப்பதும் அதுவே.

ஆஸ்மாசிஸ் என்பதற்குச் 'சவ்வூடு பரவல்' என்னும் சொல் தமிழ்ப் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அதே அமைப்பில் டயாலிசிஸைச் 'சவ்வூடு பிரிப்பு' என்றும், சுருக்கமாக 'ஊடுபிரிப்பு' என்றும் எழுதுவது பொருத்தம் என்று கருதுகிறேன். 'ஊடு' தியாவுக்கும் 'பிரிப்பு' லுசிஸுக்கும் நேராக நிற்கின்றன; இரத்த வழியாகச் செய்வதைக் குருதி ஊடுபிரிப்பு என்றும், வயிற்று வழியாகச் செய்வதைச் சுற்றுவிரி ஊடுபிரிப்பு என்றும் மயக்கமின்றி வேறுபடுத்தலாம். பேச்சில் டயாலிசிஸ் என்பது இருந்துவிட்டுப் போகட்டும். மருத்துவமனைக் கையேட்டிலும் செய்தியிலும் எழுதும்போது இச்சொல்லைப் பயன்படுத்தலாம்.

சொல்லைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் மாமாதான். இத்தனை காலம் கழுவியும் சிறுநீரகம் ஏன் இன்னும் சுத்தமாகவில்லை என்று அவர் ஒருமுறை கேட்டார். கழுவிவிட்டுத்தானே வந்தோம் என்று, சிகிச்சை முடிந்த மாலையில் இளநீர் குடித்த நாளும் உண்டு. அதில் உள்ள பொட்டாசியம் அவருக்கு எவ்வளவு ஆபத்தானது என்று அதன்பின் தாதி பொறுமையாக விளக்கினார். கழுவிய பாத்திரம் அடுத்த சமையல் வரை சுத்தமாகவே இருக்கும். பிரித்து எடுத்ததோ உடலுக்குள் அன்றே மீண்டும் சேரத் தொடங்கிவிடும். அடுத்த முறை இயந்திரத்தில் படுக்கும் வரை அதைத் தடுக்கும் வேலை உணவிலும் குடிநீரிலும்தான் இருக்கிறது. அக்காள் மகள் இதைத் தன் பேச்சில், "தாத்தா, அது கழுவல, பிரிச்சு மட்டும்தான் விடுது, நாளைக்கே திரும்பச் சேர்ந்துடும்" என்று சொன்னாள். மாமா சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்போ சிறுநீரகத்தை அது தொடவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று அவள் தலையசைத்தாள்.