ஷெரிஃப் அலுவலகத்திடம் நம்மவர்கள் கேட்காமல் விடுபவை

அமெரிக்காவில் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) ஷெரிஃப் அலுவலகத்தின் சமூகத் தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சீருடையும் துப்பாக்கியும் இல்லாத சிவில் ஊழியர். பள்ளி விழா, கோயில் விழா, நூலக வாசல் என்று எங்கே மேசை போட்டாலும் தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. பிள்ளைகள் ஸ்டிக்கர் பேட்ஜ் ஒட்டிக்கொண்டு, மோப்ப நாயோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பெரியவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கேட்க வேண்டியது அவர்களிடம் நிறைய இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அதே குடும்பங்கள் சில மாதம் கழித்து, எல்லாம் நடந்து முடிந்த பிறகு அழைக்கின்றன. போலீஸ் என்றாலே வம்பு, ஒதுங்கிப் போவதே நல்லது என்று ஊரில் பழகிய பழக்கம் விமானம் ஏறியும் விடுவதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஷெரிஃப் என்பவர் பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. பல இடங்களில் பதவிக்காலம் 4 ஆண்டு. கவுண்டி சிறையை நடத்துவது, நீதிமன்றக் காவல், சம்மன் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ரோந்தும் குற்ற விசாரணையும் அவரிடம் இருக்குமா என்பது இடத்தைப் பொறுத்தது. வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டியில் ஷெரிஃப்தான் போலீஸ். ஆனால் அதற்குள்ளேயே இருக்கும் லீஸ்பர்க் ஊருக்குத் தனி போலீஸ் உண்டு. பக்கத்து ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியில் போலீஸ் துறை தனி, ஷெரிஃப் அலுவலகம் தனி. ஜார்ஜியாவின் ஃபோர்சைத் கவுண்டியில் மறுபடியும் ஷெரிஃப்தான் போலீஸ். உங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள் என்பதை இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

இப்போது என் மேசைக்கு அதிகம் வரும் விஷயம், போலி ஷெரிஃப் அழைப்பு. "நான் சார்ஜென்ட் இன்னார். நீங்கள் ஜூரி டியூட்டிக்கு வரவில்லை, உங்கள் பெயரில் கைது வாரண்ட் இருக்கிறது. ஃபோனை வைக்காமல் பணம் கட்டினால் இப்போதே ரத்து செய்கிறோம்." திரையில் தெரிவது எங்கள் அலுவலக எண்ணாகவே இருக்கும், எண்ணை அப்படிக் காட்டுவது மோசடிக்காரருக்குச் சுலபம். சில சமயம் இங்கே உண்மையிலேயே வேலை செய்யும் டெபுடியின் (ஷெரிஃபின் கீழ் உள்ள அதிகாரி) பெயரையே சொல்வார்கள். கடைசியில் கிஃப்ட் கார்டு எண், இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கில் இருக்கும் பிட்காயின் இயந்திரம். எந்த ஷெரிஃப் அலுவலகமும் வாரண்டுக்காக ஃபோனில் பணம் கேட்காது. கேட்டால் போலி, அவ்வளவுதான்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் பிடி இருக்கிறது. ஜூரியில், அதாவது வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில், உட்கார அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். எச்-1பி, எஃப்-1, கிரீன் கார்டு யாருக்கும் அந்தக் கடமை கிடையாது. ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் உங்களுக்குத் தவறிப்போய் ஒரு கடிதம் வரலாம். அதைக் குப்பையில் போடாமல், 'குடிமகன் இல்லை' என்ற கட்டத்தைக் குறித்துத் திருப்பி அனுப்புங்கள். அவசரத்தில் குடிமகன் என்று குறித்துவிட்டால் பிற்பாடு குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய தலைவலி. ஊரில் இப்போது பரவியிருக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடியும் இதே தந்திரம்தான்: ஆளைத் தனிமைப்படுத்து, லைனை விடாதே, யாரிடமும் பேச விடாதே. படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். விசா பயம் உள்ள ஆளைப் படிப்பு காப்பாற்றுவதில்லை.

அடுத்தது தங்கம். இந்திய வீடுகளில் நகை இருக்கும் என்பது திருடர்களுக்கு நன்றாகவே தெரியும். 2011 முதல் 2014 வரை ஜார்ஜியா, நியூயார்க், ஒஹையோ, மிச்சிகன், டெக்சாஸ் மாநிலங்களில் ஆசிய, இந்தியக் குடும்பங்களையே குறிவைத்து வீடு புகுந்து கொள்ளையடித்த கும்பல் ஒன்று பிடிபட்டது. அதை நடத்திய பெண்ணுக்கு 2019-இல் 37 ஆண்டுச் சிறை. இதைக் கேட்டுவிட்டு வாசலில் கோலம் போடலாமா, மாவிலைத் தோரணம் கட்டலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கட்டுங்கள். அடையாளத்தை மறைத்து வாழச் சொல்வது என் வேலை இல்லை. நகையைப் படுக்கையறை அலமாரியில் வைக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. வீட்டுக்குள் நுழைந்தவன் முதலில் போகும் இடம் அது.

எங்கே வைப்பது? வங்கி லாக்கர் நல்லது. ஆனால் அதில் வைத்த பொருளுக்கு எஃப்.டி.ஐ.சி. காப்பீடு கிடையாது, அது டெபாசிட் பணத்துக்கு மட்டும். வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்றால், வழக்கமான பாலிசியில் நகைத் திருட்டுக்கு 1,500 டாலர் போல ஓர் உச்சவரம்பு இருக்கும். ஒரு நெக்லஸ் விலைக்குக்கூடக் காணாது. நகைகளைத் தனியாகப் பட்டியலிட்டுக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் முழு மதிப்பும் வரும். ஒவ்வொரு நகையையும் ரசீதோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருட்டு நகை மீட்கப்படும்போது 'இது என்னுடையது' என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை. "பாட்டி கொடுத்த காசுமாலை, பழைய டிசைன்" என்ற வர்ணனையை வைத்துக்கொண்டு எந்தத் துப்பறிவாளரும் ஒன்றும் செய்ய முடியாது.

டிசம்பரிலோ கோடை விடுமுறையிலோ ஊருக்குக் கிளம்புகிறவர்கள் இதைக் கேளுங்கள். பல ஷெரிஃப் அலுவலகங்களில் விடுமுறை வீட்டுக் கண்காணிப்பு இலவசம். போகும் நாள், திரும்பும் நாள், வாசலில் நிற்கும் கார்கள், டைமரில் எரியும் விளக்கு, சாவி வைத்திருக்கும் நண்பரின் எண் ஆகியவற்றைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். ரோந்து வரும் டெபுடியோ தன்னார்வலரோ இடையிடையே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள். தபாலை நிறுத்திவைக்கத் தபால் துறையிடம் சொல்லலாம், ஆனால் 30 நாள்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் நண்பர்தான் கதி. வீட்டுக்கு வந்து பூட்டு, ஜன்னல், வெளிச்சம், புதர் எல்லாம் பார்த்துச் சொல்லும் பாதுகாப்பு ஆய்வும் பல இடங்களில் இலவசம். கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஊரிலிருந்து வரும் பெற்றோரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் நகரில், பேரனைப் பார்த்துக்கொள்ளக் குஜராத்திலிருந்து வந்த 57 வயதுக்காரர் மகன் வீட்டருகே நடந்து போனார். யாரோ ஒருவர் சந்தேகப்பட்டு ஃபோன் செய்தார். வந்த போலீஸ்காரருக்கு அவர் மொழி புரியவில்லை, அவருக்கு இவர் ஆங்கிலம் புரியவில்லை. போலீஸ்காரர் தரையில் வீழ்த்தியதில் பெரியவரின் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு உடல் ஓரளவு செயலிழந்தது. அந்த அதிகாரி மீதான வழக்கு இருமுறை விசாரணைக்கு வந்தும் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, நீதிபதி விடுவித்தார். 2021-இல் 17.5 லட்சம் டாலருக்குச் சமரசம். அது நகரப் போலீஸ், ஷெரிஃப் இல்லை. ஆனாலும் இதை நான் மேசையில் மறைப்பதில்லை. பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொன்னால் என்னை யார் நம்புவார்கள்?

அதற்காக அப்பாவை வீட்டுக்குள் பூட்டி வைக்க முடியாது. வந்த முதல் வாரமே அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள். முகவரி, உங்கள் எண், 'எனக்குத் தமிழ் மட்டும் தெரியும்' என்ற வரி ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய சீட்டை எப்போதும் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். போலீஸ் நிறுத்தினால் நிற்க வேண்டும், கைகள் தெரிய வேண்டும், சீட்டு பையில் இருக்கிறது என்று விரலால் காட்டிவிட்டு, அவர் சொன்ன பிறகே எடுக்க வேண்டும். காரிலும் இதே விதிதான். ஊரில் போலீஸ் நிறுத்தினால் இறங்கிப் போய் "என்ன சார்?" என்று கேட்பது மரியாதை. இங்கே இறங்கி நடந்து வருவது மிரட்டலாகப் படும். ஓரம் கட்டி, உள் விளக்கைப் போட்டு, ஸ்டியரிங் மேல் கை வைத்து உட்கார்ந்திருங்கள்.

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மறதி நோய் இருந்தால், அல்லது வீட்டில் ஆட்டிசம் உள்ள பிள்ளை வெளியே ஓடிவிடும் என்றால், ப்ராஜெக்ட் லைஃப்சேவர் உங்கள் கவுண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். 1999-இல் வர்ஜீனியாவின் செசபீக்கில் தொடங்கியது. கையில் கட்டும் பட்டையில் ரேடியோ சிக்னல் வரும். காணாமல் போனால் டெபுடிகள் அதைப் பிடித்துத் தேடுவார்கள். எங்கள் வேலையில் எனக்குப் பெருமை தரும் திட்டம் எது என்றால் இதைத்தான் சொல்வேன். ஸ்டிக்கர் பேட்ஜ் அந்தப் பட்டியலிலேயே வராது. 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி நாடெங்கும் பள்ளிகளில் போலீஸ்காரர் பாடம் எடுத்த டேர் திட்டம்கூட, அதன் பழைய பாடத்திட்டத்தில், போதைப் பழக்கத்தைக் குறைக்கவில்லை என்றே ஆய்வுகள் கூறின. டி-ஷர்ட்டுகள் மட்டும் நன்றாக ஓடின.

911 பற்றிச் சுருக்கமாக. முதலில் முகவரியைச் சொல்லுங்கள். லைன் அறுந்தாலும் வண்டி கிளம்பும். ஆங்கிலம் வராத பெற்றோர் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொல்லத் தெரிந்தால் போதும், மொழிபெயர்ப்பாளரை லைனில் இணைக்க முடியும். சற்று நேரம் எடுக்கும், ஃபோனை வைத்துவிடக் கூடாது. குழந்தை தவறாக அழுத்திவிட்டாலும் வைக்காதீர்கள். தவறிப்போய் வந்தது என்று சொன்னால் முடிந்தது. வைத்துவிட்டால் திருப்பி அழைப்பார்கள், எடுக்காவிட்டால் வாசலில் ஆள் வந்து நிற்கும்.

இனி, யாரும் சத்தமாகக் கேட்காத விஷயம், குடும்ப வன்முறை. மேசைக்கு வரும் சில பெண்கள், மற்றவர்கள் நகர்ந்த பிறகு மெதுவாகக் கேட்பார்கள்: "கூப்பிட்டால் சும்மா மிரட்டிவிட்டுப் போவார்களா?" ஊர் ஸ்டேஷன் போல இருவரையும் உட்காரவைத்துப் பேசி அனுப்புவது இங்கே இல்லை. வர்ஜீனியாவில் வீட்டுக்குள் அடித்ததற்கு ஆதாரம் இருந்தால், முதன்மையாகத் தாக்கியவரைக் கைது செய்யச் சட்டமே சொல்கிறது. அவசரப் பாதுகாப்பு ஆணை கிடைக்கும், சுமார் 3 நாளுக்கு. அதற்குள் நீதிமன்றம் போய் நீட்டிக்க வேண்டும். மறுநாள் 'புகாரைத் திரும்பப் பெறுகிறேன்' என்றால் நடக்காது, வழக்கை நடத்துவதா இல்லையா என்பதை அரசு வழக்கறிஞர்தான் முடிவு செய்வார். சிறையில் எடுக்கும் கைரேகை மத்திய அரசின் குடிவரவுத் துறைக்கும் போகும், ஆகவே கணவரின் விசாவைத் தொடலாம். இதையெல்லாம் நான் மறைக்காமல் சொல்லிவிட்டு, அப்புறம் இதையும் சொல்வேன்: உயிருக்கு ஆபத்து என்றால் 911. இப்போதைக்குப் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233; அது போலீஸ் இல்லை. எச்-4 இல் (எச்-1பி ஊழியரின் மனைவிக்குக் கிடைக்கும் விசா) இருக்கும் பெண்ணுக்கு, குற்றத்துக்கு ஆளாகி விசாரணைக்கு உதவினால், யூ விசாவுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. வரிசை நீளம், ஆண்டுக்கு 10,000 முதன்மை விசாதான், ஆனால் வழி உண்டு. வழக்கறிஞரிடம் கேட்காமல் கணவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

குடிவரவுத் துறையோடு உங்கள் ஷெரிஃபுக்கு 287(ஜி) ஒப்பந்தம் (டெபுடிகள் குடிவரவுச் சட்ட வேலையும் செய்ய வழிவிடுவது) உண்டா இல்லையா என்பது கவுண்டிக்குக் கவுண்டி வேறுபடும். கூட்டத்தில் நேரடியாகக் கேளுங்கள். ஆகஸ்ட் முதல் செவ்வாய் மாலை பல ஊர்களில் நேஷனல் நைட் அவுட் நடக்கும், டெக்சாஸில் அக்டோபரில். ஷெரிஃபே சந்தில் நின்று கைகுலுக்கும் நாள் அது. ஓட்டு இல்லாதவர்களும் கேள்வி கேட்கலாம்.

சின்னச் சின்னதாக இன்னும் உண்டு. குழந்தை கார் சீட் சரியாகப் பொருத்தியிருக்கிறதா என்று சான்றிதழ் பெற்றவர்கள் பார்த்துத் தருவார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்து மீந்த மாத்திரைகளை ஏப்ரல், அக்டோபர் மருந்து திரும்பப் பெறும் நாளில் போடலாம்; பெயர் கேட்க மாட்டார்கள், ஊசி மட்டும் வாங்க மாட்டார்கள். பழைய பொருளை ஆன்லைனில் விற்றால், கேமரா உள்ள எங்கள் வாசலிலேயே கைமாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு. மகன் இரண்டு நாளாக ஃபோன் எடுக்கவில்லை என்றால் மதுரையிலிருந்து 911 அடித்தால் இங்கே வராது. அவன் வசிக்கும் கவுண்டியின் பத்து இலக்க நான்-எமர்ஜென்சி எண்ணுக்கு +1 சேர்த்து அழைத்து "வெல்ஃபேர் செக்" என்று கேட்க வேண்டும். முழு முகவரி, அபார்ட்மென்ட் எண், கார் நிறம், ஏதாவது நோய் உண்டா என்று கேட்பார்கள். ஒரு டெபுடி போய்க் கதவைத் தட்டுவார். ஆள் நலமாக இருந்தால் நலம் என்று உங்களுக்குச் சொல்வார்கள். எங்கே இருக்கிறான், ஏன் பேசவில்லை என்பதை, அவன் வேண்டாம் என்று சொன்னால், சொல்ல மாட்டார்கள். வயது வந்தவன் என்பதால் அது அவன் உரிமை.