இரவுப் பயணத்தில் காருக்குள் எவ்வளவு வெளிச்சம் இருக்கலாம்?

சில மாதங்களுக்கு முன் திருச்சியிலிருந்து மதுரைக்கு இரவில் காரை ஓட்டிச் சென்றுகொண்டிருந்தேன். விராலிமலையைத் தாண்டி, தெருவிளக்கு இல்லாத ஒரு பகுதியில், பின்னிருக்கையில் இருந்த அக்கா மகள் கீழே விழுந்த மாத்திரை அட்டையைத் தேடுவதற்காக ரூம் லைட்டைப் போட்டாள். அந்தக் கணமே டேஷ்போர்டின் மேல் கிடந்த வெள்ளைப் பார்க்கிங் சீட்டும், துடைக்கும் துணியும் முன்கண்ணாடியில் தோன்றிச் சாலையின் நடுவில் மிதந்தன. பக்கச் சன்னல் கண்ணாடியில் எங்கள் முகங்கள் தெரிந்தன. அதற்கு அப்பால் இருக்க வேண்டிய பின்னோக்குக் கண்ணாடி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. "விளக்கை அணைம்மா" என்று சொல்லி அவள் அணைத்த பிறகும், சாலையோரத்து வெள்ளைக் கோடு பழையபடி தெளிவாகத் தெரியச் சில நொடிகள் பிடித்தன. நல்லவேளையாக எதிரே ஒன்றும் வரவில்லை.

ஐந்து வாட் பல்பு ஒன்று இரண்டு ஹெட்லைட்டுகளின் வேலையைக் கெடுத்துவிட முடிகிறது என்பது முதலில் நம்பக் கடினமாகத்தான் இருக்கும். கண்ணாடியும் நம் கண்ணும் ஒளியைக் கையாளும் விதத்தைப் பார்த்தால் அது புரிந்துவிடும். காருக்குள் எரியும் சின்னஞ்சிறு விளக்குகளுக்குக்கூட நாடுகள் ஏன் விதி எழுதி வைத்திருக்கின்றன என்பதும் அத்துடன் சேர்ந்தே புரியும்.

கண்ணாடியின் மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காடு ஒவ்வொரு பரப்பிலும் திரும்பி வருகிறது. முன்பரப்பு, பின்பரப்பு இரண்டும் சேர்ந்து சுமார் 8 விழுக்காடு. ஒளி சாய்வாக விழும்போது இந்த அளவு கூடும். இன்றைய கார்களின் முன்கண்ணாடி மிகவும் படுத்த நிலையில் இருப்பதால், நேரே பார்க்கும் ஓட்டுநரின் பார்வைக் கோடு அதனுடன் 60 பாகை அளவிலான படுகோணத்தைக்கூட (கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்கும் கோணம்) ஏற்படுத்தலாம். அந்தக் கோணத்தில் எதிரொளிப்பு சுமார் 17 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. இவ்வளவு சாய்ந்த கண்ணாடி ஓட்டுநருக்குக் காட்டுவது பெரும்பாலும் டேஷ்போர்டின் மேற்பரப்பைத்தான். அதனால்தான் அந்தப் பரப்பைப் பளபளப்பில்லாத கரிய நிறத்தில் செய்கிறார்கள். அதன் மேல் வெள்ளைக் காகிதமோ, பளிச்சென்ற விரிப்போ போடுவது வடிவமைத்தவரின் உழைப்பை ஒரே நொடியில் வீணாக்கும் செயல்.

ஒரு தோராயக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பழைய பாணி ஐந்து வாட் கூரை பல்பு சுமார் 45 லூமென் ஒளி தரும். ஒரு மீட்டர் தொலைவில் உள்ள வெள்ளைக் காகிதத்தின் மேல் அது விழுந்தால், காகிதத்தின் ஒளிர்வு, அதாவது அது கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்ற அளவு, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) இருக்கும். அதில் 17 விழுக்காடு என்றால் 0.3 கேண்டெலா. ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரியும் தார்ச்சாலையின் ஒளிர்வும் பெரும்பாலும் ஒரு கேண்டெலாவுக்குக் கீழேதான். தொலைவு கூடக் கூட அது இன்னும் சரிகிறது. ஆகவே காகிதத்தின் நிழலுருவும், நாம் பார்த்தாக வேண்டிய சாலையும் ஒரே தரத்து வெளிச்சத்தில் போட்டியிடுகின்றன. பகலில் இதே எதிரொளிப்பு இருந்தாலும் வெளியே உள்ள வெளிச்சம் அதை மூழ்கடித்துவிடுவதால் நாம் கவனிப்பதில்லை.

கண்ணாடியைத் தாண்டினால் அடுத்த சிக்கல் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. விழித்திரையில் சுமார் 60 லட்சம் கூம்புச் செல்களும் 12 கோடி குச்சிச் செல்களும் உள்ளன. நிறமும் நுணுக்கமும் கூம்புச் செல்களின் பொறுப்பு. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்பவை குச்சிச் செல்கள். குச்சிச் செல்லில் உள்ள ரொடாப்சின் என்னும் நிறமி வெளிச்சம் பட்டதும் சிதைந்து, இருளில் மெல்ல மீண்டும் உருவாகிறது. அது முழுவதும் நிறைவதற்கு 20 முதல் 30 நிமிடம்வரை ஆகும். இரவில் கார் ஓட்டுபவரின் கண், ஹெட்லைட் வெளிச்சம் கண்முன் இருப்பதால், ஒருபோதும் முழு இருளுக்குப் பழகுவதில்லை. அது இரண்டு வகைச் செல்களும் சேர்ந்து இயங்கும் இடைநிலையில் நிற்கிறது. அந்த இடைநிலையும் எளிதில் குலைந்துவிடக்கூடியதே.

இன்னொன்று, பார்வையின் ஓரத்தில் எரியும் விளக்கைப் பற்றியது. அதன் ஒளி விழி லென்ஸிலும் விழியின் உள்ளிருக்கும் திரவங்களிலும் சிதறி, விழித்திரை முழுவதும் ஒரு மெல்லிய வெண்திரையைப் போல் படர்கிறது. 1920களில் ஹாலடே, ஸ்டைல்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதை அளந்து ஒரு சூத்திரமாக்கினார்கள். கண்ணை எட்டும் ஒளி கூடக் கூட இத்திரை அதே விகிதத்தில் தடிக்கிறது. விளக்குக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணம் பாதியானால் அது நான்கு மடங்காகிறது. பார்வைக்கு 20 பாகை கீழே உள்ள மீட்டரைவிட, 10 பாகையில் பொருத்தப்பட்ட அதே வெளிச்சமுள்ள கைப்பேசி நான்கு மடங்கு தொல்லை தரும் என்பது இதன் பொருள். வயதும் இதில் சேர்ந்துகொள்கிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. லென்ஸின் சிதறலோ அவருக்கு அதிகம். மகனுக்கு இதமாக இருக்கும் டேஷ்போர்டு வெளிச்சம் தந்தைக்குக் கூசலாம் என்பதால், காரை மாற்றி மாற்றி ஓட்டும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இவ்வளவையும் உள்வாங்கி எழுதப்பட்ட விதி என்று நான் மதிப்பது அமெரிக்காவின் கூட்டாட்சி மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரம் எண் 101. கட்டுப்பாட்டு விசைகளையும் காட்சிக் கருவிகளையும் பற்றிய இத்தரம் 1968 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்து, பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. டேஷ்போர்டு வெளிச்சம் குறைந்தது இரண்டு நிலைகளில் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உச்ச நிலை அல்லாத ஒரு நிலையில், இருண்ட சாலைக்குக் கண் பழகிய ஓட்டுநருக்கு அடையாளங்கள் "அரிதாகப் புலப்படும்" அளவே இருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. எண்ணைக் கொடுத்து அளவை நிர்ணயிக்காமல், இருளுக்குப் பழகிய மனிதக் கண்ணையே அளவுகோலாக வைத்திருப்பது இதன் சிறப்பு.

உள்விளக்குகளுக்கும் அதே தரத்தில் ஒரு பிரிவு உண்டு. ஓட்டுநர் இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, அவரது இடுப்பு மூட்டு அமையும் புள்ளியிலிருந்து 110 மில்லிமீட்டர் பின்னால் ஒரு செங்குத்துத் தளத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அத்தளத்துக்கு முன்னால் உள்ள எந்த விளக்கும் குறைந்தது இரண்டு வெளிச்ச நிலைகளைக் கொண்டிருக்க வேண்டும், அல்லது அரிதாகப் புலப்படும் ஒரே அளவில் எரிய வேண்டும், அல்லது அணைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பயணிகள் பகுதியில் விளக்கெரிய இயங்கும் பேருந்துகளுக்கு மட்டும் இதில் விலக்கு அளித்திருக்கிறார்கள். பேருந்தின் முன்கண்ணாடி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதால், அது டேஷ்போர்டைக் காட்டாமல் பின்னால் இருக்கும் பயணிகளையே ஓட்டுநருக்குக் காட்டும். நம் ஊர் இரவுப் பேருந்துகளில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் திரை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பயணிகளின் வெளிச்சம் முன்கண்ணாடியில் விழாமல் தடுக்கும் எளிய, சரியான ஏற்பாடு அது.

எச்சரிக்கை விளக்குகளின் நிலை வேறு. பிரேக், ஹை பீம், இண்டிகேட்டர், சீட் பெல்ட் ஆகிய நான்கின் விளக்குகளையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு யாராலும் மங்கச் செய்ய முடியாதபடி அமைக்க வேண்டும் என்று அமெரிக்கத் தரம் கட்டளையிடுகிறது. ஐக்கிய நாடுகளின் 121ஆம் ஒழுங்குவிதியும், இந்தியாவின் ஏ.ஐ.எஸ். 071 என்ற வாகனத் தொழில்துறைத் தரமும் இவ்வகை அடையாளங்களையே வரையறுக்கின்றன. சிவப்பு என்றால் உடனடி ஆபத்து, மஞ்சள் என்றால் கவனம் தேவை, பச்சை என்றால் ஒரு கருவி இயங்குகிறது. ஹை பீமுக்கு மட்டும் நீலம். டேஷ்போர்டு முழுவதையும் நீல வெளிச்சமாக மாற்றிக்கொள்பவர்கள் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் ஹை பீம் எரிவதைக் காட்டும் நீல விளக்கைத் தாங்களே மறைத்துக்கொள்கிறார்கள்.

வெளிச்சத்தைக் குறைக்கும் பொறியமைப்பும் காலத்தோடு மாறியிருக்கிறது. பழைய கார்களில் கம்பிச் சுருள் மின்தடை ஒன்று இருக்கும். திருகைத் திருப்பினால் பல்புக்குப் போகும் மின்னழுத்தம் குறையும். இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் 3.4 அடுக்கைத் தொடர்ந்து செல்வதால், மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். எல்.ஈ.டி. அப்படி அடங்காது. ஆகவே அதை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை ஏற்றி அணைத்து, எரியும் நேரத்தின் பங்கைக் குறைக்கிறார்கள். கண் அதை மங்கலான தொடர் ஒளியாகவே உணர்கிறது. இப்போது மீட்டரின் இடத்தைப் பிடித்துவரும் எல்.சி.டி. திரைகளில் மற்றொரு குறை உள்ளது. அவற்றின் கறுப்பு உண்மையான கறுப்பு இல்லை. பின்னொளி கசிவதால் வெறுமையான இடமும் மங்கலாக ஒளிரும். பகல் வெயிலில் படிக்க நூற்றுக்கணக்கான கேண்டெலா தர வேண்டிய அதே திரை இரவில் சில கேண்டெலாவுக்கு இறங்க வேண்டும். அந்த இறக்கம் சரியாக அமையாத கார்களில் இரவு முழுவதும் ஓட்டுநரின் மார்பு உயரத்தில் ஒரு சாம்பல் நிறச் சன்னல் திறந்தே இருக்கும்.

எந்த நிறம் நல்லது என்ற விவாதம் பழையது. நீர்மூழ்கிக் கப்பல்களில் சிவப்பு விளக்கு எரிவதற்குக் காரணம், நீண்ட அலைநீளமுள்ள சிவப்பு ஒளி ரொடாப்சினை மிகக் குறைவாகவே சிதைக்கும் என்பதுதான். காரில் கண் முழு இருளுக்குப் பழகுவதே இல்லை என்பதால் சிவப்பின் ஆதாயம் இங்கே அவ்வளவு பெரிதில்லை. நிறத்தைவிட அளவே முக்கியம் என்பது என் கருத்து. ஆனால் நீலத்தின் மேல் வைக்கப்படும் குறைகளில் நியாயம் இருக்கிறது. விழி லென்ஸ் நீல ஒளியை விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவித்துவிடுவதால் நீல எழுத்துகள் விளிம்பு கலங்கித் தெரிகின்றன. நாம் கூர்ந்து பார்க்கும் விழித்திரை மையத்திலோ நீலத்தை உணரும் கூம்புகள் இல்லவே இல்லை. குச்சிச் செல்கள் மிகக் கூர்மையாக உணர்வது சுமார் 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளியை. ஆக, நீலம் படிக்கவும் உதவாமல் இரவுப் பார்வையையும் கெடுக்கிறது. கடையில் வாங்கிக் காலடியிலும் கதவோரத்திலும் ஒட்டப்படும் நீல எல்.ஈ.டி. பட்டைகளை வண்டி ஓடும்போது அணைத்து வைப்பதுதான் முறை.

விமானத் தொழிற்சாலையாகத் தொடங்கிய சுவீடனின் சாப் நிறுவனம் 1990களில் வேறொரு வழியைக் காட்டியது. ஒரு பொத்தானை அழுத்தினால் வேகமானியைத் தவிர மற்ற மீட்டர்கள் எல்லாம் இருண்டுவிடும். வேகமானியிலும் 140 கிலோமீட்டர்வரைதான் வெளிச்சம் இருக்கும். எரிபொருள் குறைந்தாலோ, இயந்திரம் சூடேறினாலோ, உரிய மீட்டர் மட்டும் தானாக ஒளிரும். இன்றைய பெரிய திரைகளில் இதைச் செய்வது அன்றைவிட எத்தனையோ எளிது. ஆனாலும் மிகச் சில கார்களிலேயே இவ்வசதியைக் காண முடிகிறது.

உங்கள் காரில் மங்கச் செய்யும் திருகு ஸ்டியரிங்கின் அருகிலோ, மீட்டரிலேயே ஒரு பொத்தானாகவோ, திரையின் அமைப்புப் பகுதியிலோ இருக்கும். தெருவிளக்கு இல்லாத இடத்தில், ஐந்தாறு நிமிடம் ஓட்டிய பிறகு, வண்டியை ஓரமாகப் பாதுகாப்பாக நிறுத்தி அதைச் சரிசெய்யுங்கள். ஒரே பார்வையில் வேகத்தைப் படிக்க முடிய வேண்டும். அதற்குமேல் வெளிச்சம் வேண்டாம். அளவுக்கு மீறிக் குறைத்தாலும் தவறுதான், ஏனெனில் எண்ணைத் தேடிக் கண் இரண்டு நொடி கீழே தங்கினால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் 44 மீட்டரைப் பார்வையின்றிக் கடந்திருக்கும்.

கனடாவில் நடந்தது இதன் மறுபக்கம். அங்கே 1989 டிசம்பருக்குப் பின் தயாரான புதிய வாகனங்களில் பகல்நேர விளக்கு (பகலிலும் வண்டி கண்ணில் படும்படி முன்னால் தானாக எரிவது) கட்டாயம். முன்பெல்லாம் ஹெட்லைட் போடாவிட்டால் டேஷ்போர்டு இருட்டாக இருக்கும். அந்த இருட்டே ஓட்டுநருக்கு நினைவூட்டலாக இருந்தது. திரை மீட்டர்கள் வந்தபின் டேஷ்போர்டு எப்போதும் ஒளிர்ந்தது. முன்னால் பகல்நேர விளக்கின் வெளிச்சமும் தெரிந்ததால், எல்லா விளக்கும் எரிவதாக நம்பி, பின்விளக்கு எரியாமலே பலர் இரவில் ஓட்டினார்கள். பின்னால் வருபவருக்கு அந்த வண்டி கண்ணில் படாத நிழலாகிவிட்டது. ஆகவே 2021 செப்டம்பர் முதல் அந்நாட்டில் விற்கப்படும் புதிய வாகனங்களுக்கு மூன்று வழிகளில் ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். பகல்நேர விளக்கோடும் ஒளிரும் டேஷ்போர்டோடும் பின்விளக்கும் சேர்ந்து எரியலாம்; அல்லது வெளிச்சம் குறையும்போது எல்லா விளக்குகளும் தாமாகவே எரியலாம். இவை இரண்டும் இல்லையென்றால், ஓட்டுநரின் கை தானாகவே சுவிட்சைத் தேடிப் போகும்படி டேஷ்போர்டு இருட்டாகவே இருக்க வேண்டும்.