ரிப்போர்ட்ல பாசிட்டிவ்னு இருந்தா நல்லதா கெட்டதா?

குடியாத்தத்துல லேப் டெக்னீஷியனா இருக்கேன், கவுன்டர்ல எப்பவும் வர்ற கேள்வி இதுதான். "பாசிட்டிவ்னு போட்டிருக்கே தம்பி, பயப்படணுமா?" வெளியில பாசிட்டிவ்னா நல்ல விஷயம், பாசிட்டிவா யோசின்னு ஆளாளுக்கு அட்வைஸ் வேற, எலக்ட்ரீசியனுக்கு அது பேட்டரியோட ஒரு முனை, அவ்ளோதான். லேப்ல நாங்க எதைத் தேடினோமோ அது இருக்குன்னு அர்த்தம். பிரெக்னன்சி டெஸ்ட்ல வந்தா ஸ்வீட்டோட வருவாங்க, டெங்கு டெஸ்ட்ல வந்தா முகமே மாறிடும். கேன்சர் ஆபரேஷன் முடிஞ்சு மார்ஜின் நெகட்டிவ்னு வந்தா வெட்டின ஓரத்துல கேன்சர் செல் தெரியலன்னு அர்த்தம், அங்க நெகட்டிவ்தான் சந்தோஷம்.

பிளட் குரூப்லதான் ரொம்ப குழப்பம். பி பாசிட்டிவ்னா சிவப்பணு மேல ஆர்ஹெச் டின்னு ஒரு புரதம் இருக்கு, நெகட்டிவ்னா இல்ல, இதுல நோயும் இல்ல குறையும் இல்ல. ஆனா அம்மா நெகட்டிவ், வயித்துல இருக்கிற குழந்தை பாசிட்டிவ்னா கவனிக்கணும், பிரசவ நேரத்துல குழந்தையோட ரத்தம் கொஞ்சம் அம்மாவுக்குள்ள போயி அதை எதிர்த்துத் தாக்குற ஆன்டிபாடி அம்மா உடம்புல உருவாகிடலாம், முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிச்சிடும், அடுத்ததுக்குதான் ஆபத்து. அதைத் தடுக்கத்தான் ஆன்டி டி ஊசி, 28வது வாரத்துல ஒண்ணு, குழந்தை பாசிட்டிவ்னா பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு. கரு கலைஞ்சாலும் டாக்டர்கிட்ட குரூப்பை சொல்லிடுங்க. "நெகட்டிவ்தானே, ஒண்ணுமில்ல"ன்னு சில மாமியாருங்க ரிப்போர்ட்டை மடிச்சு பையில போடும்போது எனக்குதான் பக்குன்னு இருக்கும்.

எச்ஐவி டெஸ்ட்ல முதல்ல வர்ற பாசிட்டிவ் கடைசி முடிவு இல்ல. 1986ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் சேகரிச்ச ரத்தத்தை நம்ம வேலூர் சிஎம்சியிலதான் எலிசா டெஸ்ட் பண்ணாங்க, பாசிட்டிவ்னு வந்தும் அதோட விடல, அமெரிக்காவுக்கு அனுப்பி வேற டெஸ்ட்ல உறுதி பண்ணாங்க, இந்தியாவுல எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சது அப்படித்தான். இப்பவும் ஜிஹெச்ல ஐசிடிசின்னு இருக்கிற எச்ஐவி ஆலோசனை, டெஸ்ட் மையத்துல மூணு வேற வேற கிட்ல பாத்துதான் பாசிட்டிவ்னு சொல்வாங்க, இலவசம், ரகசியமாவும் வச்சிப்பாங்க.

டிபிக்காக கையில தோலுக்குள்ள ஊசி போட்டு பாக்கிற மான்டூ டெஸ்ட்டும் அப்படித்தான். பாசிட்டிவ்னா டிபி கிருமி எப்பவோ உள்ள வந்திருக்கலாம், பிசிஜி தடுப்பூசி போட்டதாலயும் வரலாம், இப்ப நோய் இருக்குன்னு அது சொல்லாது, சளி டெஸ்ட்டும் எக்ஸ்ரேவும் பாத்துதான் டாக்டர் சொல்வாரு. பீடி சுத்துற அக்கா ஒருத்தங்க அந்த ஒரு வார்த்தையை பாத்துட்டு தனக்குன்னு தட்டு, டம்ளரு எல்லாம் தனியா எடுத்து வச்சிட்டாங்களாம். டாக்டரை பாக்கவே இல்லியாம் இன்னும்!