பளபளக்கும் தோட்டாக் கூடும் குழந்தையின் ரத்தமும்

மறுபடியும் ஒரு ஈய ரிப்போர்ட். இரண்டு வயதுக் குழந்தை, வழக்கமான பரிசோதனைதான். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம் ஈயம். 3.5 வந்தாலே கவனியுங்கள் என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2021-இல் சொல்லிவிட்டது. 1978-க்கு முன் கட்டிய வீடா? ஈயப் பெயின்ட்டுக்குத் தடை வந்த ஆண்டு அது. இல்லை, புது வீடு. ஊரிலிருந்து வந்த கண்மை, நாட்டு மருந்து? அதுவும் இல்லை. கடைசியில் அப்பா தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: "கராஜில் ரீலோடிங் பண்ணுவேன் டாக்டர்."

டெக்ஸாஸில் குழந்தை மருத்துவம் பார்த்தால் இந்தப் பதில் அடிக்கடி காதில் விழும். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, புதிதாக பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி சுடுகிறார்கள். நம்மவர்களிலும் சிலர் இறங்கியிருக்கிறார்கள். பொழுதுபோக்கோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் அடுத்து வரும் வசனத்தோடுதான்: "நான் ஈயம் உருக்குவதே இல்லையே, செம்பு உறை போட்ட குண்டுதானே வாங்குகிறேன்?"

ஐயா, குண்டை விடுங்கள். அது பறந்துபோய்விட்டது. நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது கூட்டை. அதன் அடியில் இருக்கும் பிரைமர் பெரும்பாலானவற்றில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈய உப்பால் ஆனது. அது வெடித்த பிறகு மிஞ்சும் கரியில் ஈயம் இருக்கிறது. கூட்டின் உள்சுவரிலும் பிரைமர் உட்கார்ந்த குழியிலும் ஒட்டியிருக்கும் கருப்பு அதுதான். குண்டுக்குச் செம்பு உறை போட்டாலும் தங்க உறை போட்டாலும் பிரைமர் அதே பிரைமர். நீங்கள் 'அழுக்கு' என்று சொல்லிக் கழுவுவதே ஈயத்தைத்தான். கூடு பளபளவென்று வந்துவிட்டால் அந்த ஈயம் எங்கே போயிற்று? கூட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் மெஷினில் போட்ட மக்காச்சோளச் சக்கைத் தூளுக்குப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சேரும். "வெறும் சோளச் சக்கை டாக்டர்" என்கிறார்கள். முதல் நாள் மட்டும்தான் அது வெறும் சக்கை.

மெஷின் மூடியோடு ஓடும்போதுகூடப் பரவாயில்லை. முடிந்ததும் சல்லடையில் கொட்டிக் குலுக்குகிறீர்களே, அப்போது கிளம்பும் தூசிதான் பக்கத்திலிருக்கும் வாஷிங் மெஷின் மேல், காயப்போட்ட துணி மேல், தவழும் குழந்தையின் கை மேல் படிகிறது. கை நேராக வாய்க்குப் போகும்.

வேலையை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். சமையலறை சிங்க், பாத்திரம் கழுவும் மெஷின் பக்கம் போகவே கூடாது. துடைப்பமும் சாதாரண வேக்யூமும் தூசியைக் கிளப்பிவிடும், ஈரத்துணியால் துடையுங்கள். நுண்தூசியை வடிகட்டும் பி100 முகமூடி, கையுறை. வேலை நடுவே டீ, சிகரெட் வேண்டாம். போட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள், அதே செருப்போடு உள்ளே வராதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தயவுசெய்து கொஞ்ச காலம் நிறுத்திவையுங்கள்.

ஸ்டீல் ஊசிகளும் சோப்புத் தண்ணீரும் போட்டு ஈரமாகச் சுழற்றினால் தூசி பறக்காது, என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் அந்தக் கருப்புத் தண்ணீரிலும் ஈயம் இருக்கிறது. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றாதீர்கள். உள்ளூர் அபாயக் கழிவு மையத்தைக் கேட்டு அங்கே கொடுங்கள்.

என் துறைக்கு வெளியே ஒன்று: அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டாம். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் தோட்டாக்களை வைத்திருந்தபோது பித்தளைக் கூடுகள் தாமாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கம் கிடைத்தது.

"சரி, மருந்து எழுதிக் கொடுங்கள்" என்பார்கள். 9-க்கு மருந்து இல்லை. ஈயத்தை வெளியேற்றும் மருந்தை 45 அளவில்தான் யோசிப்போம். அதற்குக் கீழே வைத்தியம் என்றால் தூசியை நிறுத்துவது, இரும்புச்சத்து, கால்சியம் குறையாமல் பார்ப்பது, மறுபடி ரத்தம் எடுப்பது. அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள், இந்த அளவில் குழந்தை நன்றாக ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம், நீங்களும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். குழந்தையை அழைத்து வரும்போது கராஜில் என்ன செய்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். துப்பாக்கி வைத்திருப்பதற்காக யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை.