ஐம்பதைத் தாண்டிய மரமேறியும் அவர் கயிறும்

மயிலாப்பூர்ச் சந்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். மொட்டைமாடிக்கு மேல் நீண்ட கிளையை மழைக்கு முன் கழிக்க வேண்டும். இருபத்தைந்து வயது மரமேறி வந்ததும் ஏறிவிடுவார். ஐம்பதைத் தாண்டியவர் கால் மணி நேரம் கீழேயே சுற்றி வருவார். தூரில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் வெடித்து எழும்பியிருக்கிறதா என்று பார்ப்பார். அரிவாளின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டுவார். பறை போல ஒலித்தால் உள்ளே பொந்து, ஏற மாட்டார்.

வயதாகும்போது எல்லாத் தசையும் ஒன்றுபோல் மெலிவதில்லை. வேகமாகச் சுருங்கும் தசை இழைகளே அதிகம் மெலிகின்றன. நிதானமாக இழுக்கும் பலம் இன்னும் இருக்கும். கால் வழுக்கும் நொடியில் கொம்பைப் பற்றும் வேகம் குறைந்திருக்கும். ஆகவே அவருக்கு இரண்டு பிடிகயிறு. ஒன்றை அவிழ்க்கும் முன் மற்றதை மேலே கட்டிவிடுவார். அறுக்கும்போது இரண்டும் ஹார்னஸில், அதாவது இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டையில், மாட்டியிருக்கும்.

அடுத்தது எடை. 20 செ.மீ. குறுக்களவுள்ள பச்சைக் கட்டை 1 மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ வரும். குறுக்களவு இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு, 120 கிலோ. இதைக் கையால் தாங்க நினைப்பதுதான் இளமையின் தவறு. அனுபவசாலி கட்டையைச் சிறிதாக அறுப்பார், சுமையை உராய்விடம் விடுவார்.

கிளையில் கட்டிய கயிறு மேலுள்ள தடித்த கவட்டையில் ஏறி இறங்கி, அடிமரத்தைச் சுற்றிக் கீழே நிற்பவர் கைக்கு வரும். கவட்டையின் உதவியைக் கணக்கில் சேர்க்காமலே பார்ப்போம். உராய்வுக் கெழு, அதாவது கயிறும் மரமும் எவ்வளவு உரசுகின்றன என்பதைச் சொல்லும் எண், 0.3 என்றால் ஒரு முழுச் சுற்றில் 60 கிலோ இழுப்பு 9 கிலோவாகும்; இரண்டாவது சுற்றில் ஏறக்குறைய 1.4 கிலோதான். சுற்று கூடக் கூட இழுப்பு கழிவதில்லை, வகுபடுகிறது. மெலிந்த கையும் கிளையை நிறுத்திவிடும்.

ஆனால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கயிறு பூட்டிக்கொள்ளும், கிளை அந்தரத்தில் தொங்கும். சட்டென்று நிறுத்தினால் கவட்டைக்குப் பேரதிர்ச்சி. கொஞ்சம் ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

அறுப்பிலும் அவசரம் இல்லை. அடிமரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, கீழ்ப்பக்கம் கால் பங்கு ஆழம் அறுப்பார். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குவார். மீந்த துண்டைக் கடைசியில், கிளையடி வீக்கத்துக்கு வெளியே எடுப்பார். கீழ்வெட்டு இல்லாவிட்டால் பட்டை அடிமரம் வரை உரிந்துவிடும். அந்த வீக்கத்தை வெட்டினால் புண் மூடவே திணறும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்தது போன்ற மரங்களில் ஆபத்து வேறு. வில்லாக வளைந்த கிளையின் வெளிப்பக்கத்தை முதலில் அறுத்தால் அது பிளந்து முகத்தில் அடிக்கும். விலகும் வேகம் குறைந்தவர் அமுங்கிய உட்பக்கத்தில் சிறிது அறுத்துவிட்டு, ஓரமாக நின்று வெளிப்பக்கத்தைத் தொடுவார்.

மே மாதத்தில் ஏற்றம் காலை பத்துக்குள் முடிந்துவிடும். வயதானால் தாகம் தாமதமாகத்தான் தெரியும். அதனால் தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடிப்பார்.

வேலை முடிந்ததும் நைலான் கயிற்றை முழம் முழமாகத் தடவிப் பார்ப்பார். கண்ணாடி போல் மினுங்கும் இடம் உராய்வுச் சூட்டில் உருகிய இடம். அந்தக் கயிறு இனிக் குப்பைக் கிளைகளைக் கட்ட மட்டும்.