சாப்பிட்டும் தேறாத பிள்ளைகள்

"சத்துமாவுக் கஞ்சி, முட்டை, நெய் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன், பிள்ளை தேறவே இல்லையே?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கிருமித் தொற்று, அடிக்கடி வயிற்றுப்போக்கு என்று காரணங்கள் பல. மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இதே கேள்வியை வங்கதேசத்தில் வேறு கோணத்தில் கேட்டிருக்கிறார்கள்.

நம் குடல் நுண்ணுயிர்க் கூட்டமும் வயதுக்கேற்ப மாறி முதிர்கிறது. சவலைப் பிள்ளைகளின் குடலில் அந்த முதிர்ச்சி பின்தங்கியிருப்பதை, டாக்காவில் உள்ள வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தமீத் அகமதுவும் அமெரிக்கக் குடல் நுண்ணுயிர் ஆய்வாளர் ஜெஃப்ரி கார்டனும் சேர்ந்து செய்த ஆய்வு 2014-இல் காட்டியது. சரி, பின்தங்கிய நுண்ணுயிர்களுக்கும் சேர்த்துச் சோறு போட்டால்? டாக்காவின் மிர்ப்பூர் குடிசைப் பகுதியில் 12 முதல் 18 மாதம் வரையான 123 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஊட்ட உணவு. இன்னொன்றுக்குக் கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை, வாழைக்காய் சேர்ந்த கலவை. தினம் இருவேளை, மூன்று மாதம். 2021-இல் முடிவு வந்தது: கலோரி குறைவான இந்தக் கலவையைச் சாப்பிட்டவர்களுக்கே எடை வேகமாக ஏறியது!

எப்படி? கடலையிலும் வாழைக்காயிலும் நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவற்றில் பலவற்றை வெட்டும் நொதி மனித உடலில் கிடையாது. பிரிவோடெல்லா காப்ரி என்ற பாக்டீரியாவிடம் இருக்கிறது. அதன் வெளிச்சவ்வில் மூடிபோட்ட டப்பாவைப் போல ஒரு புரத அமைப்பு. மிதந்து வரும் சங்கிலித் துண்டை மூடிப் புரதம் பற்றிக்கொள்கிறது. மூடி சாத்திக்கொள்ள, துண்டு அடியிலுள்ள துளை வழியாக உள்ளே போகிறது. அங்கே காத்திருக்கும் நொதிகள் அதைத் தனித்தனிச் சர்க்கரையாக நறுக்கிவிடுகின்றன. பற்றும் புரதம், துளை, வெட்டும் நொதிகள் ஆகியவற்றுக்கான மரபணுக்கள் மரபிழையில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. உரிய சர்க்கரை வந்தால்தான் மொத்தத் தொகுதியும் முழுவீச்சில் இயங்கும். இல்லாதபோது வீண்செலவு இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. அந்தக் குழந்தைகளின் மலத்திலிருந்து 1,000 பாக்டீரிய மரபுத்தொகுதிகளை (ஒரு பாக்டீரியாவின் மொத்த மரபணுக்கள் ஒரு மரபுத்தொகுதி) திரட்டிப் பார்த்தபோது, கலவையின் சர்க்கரைகளைக் கையாளும் வேலையில் முன்னணியில் நின்றவை இந்த பாக்டீரியாவின் இரண்டு வகைகள். எடையேற்றத்தோடும் அவற்றுக்குத் தொடர்பு இருந்தது.

அகமதுவின் டாக்கா நிறுவனம் 1960-இல் காலரா ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களுக்கு நடுவே பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றதால்தான் இப்படி ஓர் ஆய்வைச் செய்ய முடிந்தது. இரண்டு வருடத் திட்டம், மூன்று வருடத் திட்டம் என்று பணத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் இது வாய்க்காது. அப்புறம், 'கண்ணு பட்டிருக்கு' என்று தாயத்துக் கட்டிவிட்டுக் காத்திருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. வளர்ச்சி வேகமாக இருக்க வேண்டிய மாதங்கள் அதில் கரைந்துபோகின்றன.

வாசகிக்கு: இந்தக் கலவையை வீட்டில் செய்து மருந்துபோலக் கொடுக்க வேண்டாம். ஆய்வில் அளவு பார்த்து, வைட்டமினும் தாதுக்களும் சேர்த்துத் தயாரித்தார்கள். அதுவும் சிறிய ஆய்வுதான். கஞ்சியையும் முட்டையையும் நிறுத்தாதீர்கள். அங்கன்வாடியில் எடையோடு உயரத்தையும் அளந்து வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லி, அந்த அட்டையோடு குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.